வரவேற்பறைச் சுவரில் மூன்று பேர்

மலாக்கா டவுனில் நான் வேலை பார்த்த வழக்கறிஞர் ஆபீஸின் வாசல் பலகையில் மூன்று பெயர்களுக்கு இடம் இருந்தது. இரண்டு பெயர்கள்தான் எழுதியிருந்தன. மூன்றாவது வரிக்குப் பென்சிலால் மெல்லிசாகக் கோடு கிழித்துவிட்டு, போர்டு எழுதும் சீனர் ஏணியை மடக்கிக்கொண்டு போய்விட்டார். "பேரு முடிவானதும் கூப்பிடு, அரை மணி நேர வேலைதான்" என்று மலாயில் என்னிடம் சொன்னார். காலை வெயில் சாய்வாக விழும்போது அந்தப் பென்சில் கோடு தெரியும். மற்ற நேரத்தில் தெரியாது. ஒன்பது மாதம் அது அப்படியே இருந்தது.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு, பிறகு மலாய்ப் பள்ளியில் மூன்றாம் படிவம் வரை, அவ்வளவுதான் படிப்பு. டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டத்தில் பதினாறு வருஷம் ரப்பர் மரம் சீவினேன். ஒரு மழைநாளில் கால்வாயில் விழுந்து முழங்கால் போன பிறகு, விபத்து வழக்கைப் பார்த்த பெரிய வழக்கறிஞரே என்னைத் தன் ஆபீஸில் ஃபைல் அறைக்கு எடுத்துக்கொண்டார். ஃபைல்களை அடுக்க வேண்டும், மோட்டாரில் தாள்களைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கோர்ட் கௌண்டரில் தாளை வாங்கி, ஊதா மையில் வட்டமாக ஒரு சாப் குத்தி, தேதி போட்டு, ஒரு பிரதியை நம்மிடமே திருப்பித் தருவார்கள். அந்தப் பிரதியை ஃபைலில் கோப்பது என் வேலை. சாப் இருந்தால் கோர்ட் அதை வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். சாப் இல்லாவிட்டால் அது வெறும் தாள்.

எனக்குப் பேச வராது. இன்றும் அப்படித்தான். கௌண்டரில் என் முறை வந்தும், பின்னால் நிற்பவர் முந்திக்கொண்டால் விட்டுவிடுவேன். என் மனைவி புக்கிட் ரம்பாயில் ஒரு ஃபேக்டரிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு என்னைக் கேலி செய்யாமல் ஒரு நாள் முடியாது. "ஒங்க வாய்க்கு ரோட் டேக்ஸ் கட்டலியா? வெளியில எடுக்கவே மாட்றீங்களே" என்பாள். நாங்கள் இன்னும் குடியிருந்த லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பேச வராதவனுக்குக் கையெழுத்து மட்டும் நன்றாக வந்தது. அதில்தான் எல்லாம் தொடங்கியது.

வரவேற்பறைச் சுவரில் வழக்கறிஞர்களின் சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கும். எல்லாம் ஆங்கிலமும் மலாயும். தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று, கோயிலில் நிற்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்து உட்காருவார்கள். பெரியவர் ஒருநாள் அதைக் கவனித்தார்.

"பாவம், என்ன எழுதியிருக்குன்னே தெரியாம பாக்குறாங்க. நம்ம யாரு, எங்கேர்ந்து வந்தோம்னு அவங்களுக்குத் தெரியணும்லா. நீ அழகா தமிழ்ல எழுதி மாட்டு."

கடையில் பெரிய வெள்ளை அட்டை வாங்கி வந்தேன். முதலில் பெரியவரைப் பற்றி எழுதினேன். அவர் வழக்கறிஞர் ஆவதற்கு முன் ஒன்பது வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். நீதிபதிக்கும் நம் ஜனங்களுக்கும் நடுவில் நின்று, ஒருவர் அழுவதையும் மற்றவர் கேட்பதையும் மாற்றி மாற்றிச் சொன்னவர். பிறகு நாற்பது வயதில் லண்டன் போய்ப் படித்தவர். அடுத்தது மிஸ். ஆபீஸில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். இடைநிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியை. பகலில் பாடம் நடத்தி, சாயங்காலம் அஞ்சல்வழியில் சட்டம் படித்து, இங்கேயே கடைசிப் பரீட்சை எழுதித் தேறியவர். கட்சிக்காரர் எதையாவது மழுப்பினால், "மறுபடியும் முதல்லேர்ந்து சொல்லுங்க" என்று வகுப்பில் கேட்பதுபோலக் கேட்பார்.

இந்த இரண்டு பேருக்கும் நான் சான்றிதழைச் சுவரிலிருந்து இறக்கி, மேசையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் பார்த்து எழுதினேன். வருஷத்தைக்கூட இரண்டு தரம் சரிபார்த்தேன்.

மூன்றாமவர் அந்தத் தீபாவளிக்குப் பிறகு வந்து சேர்ந்தவர். கோலாலம்பூரில், எங்கள் பேச்சில் கே.எல்.லில், பெரிய ஆபீஸில் ஏழு வருஷம் இருந்தாராம். பெரியவரின் பழைய நண்பர் ஒருவர் அனுப்பிவைத்தார். அவருடைய சான்றிதழ்கள் கோலாலம்பூரிலிருந்து வரவேண்டியிருந்தன.

"வர்றப்ப வரட்டும். அவர் சொல்றத எழுதிக்கோ" என்றார் பெரியவர்.

மூன்றாமவர் ஃபைல் அறை வாசலில் சாய்ந்துகொண்டு, கழுத்துப்பட்டையின் நுனியால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார். லண்டனில் நான்கு வருஷம். குளிரில் பேருந்துக்குக் காசில்லாமல் நடந்து போய்ப் படித்தது. பிறகு கோலாலம்பூர். நான் எழுதினேன். மூன்று பேரில் அவருடையதுதான் படிக்க நன்றாக வந்தது. எழுதி முடித்ததும் அவர் அதை நெடுநேரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம் படித்தார்.

"என்ன சார், தப்பா இருக்கா?"

"இல்ல. நல்லா இருக்கு" என்றார். 

ஜனவரியில் ஒவ்வொரு வருஷமும் வழக்கறிஞர்களுக்குப் புதிய சான்றிதழ் வரும். அந்த வருஷம் தொழில் செய்யலாம் என்கிற அனுமதி. பழையதைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து எடுக்காமல், அதன் மேலேயே புதியதை வைத்துத் திருகாணியை முடுக்குவது எங்கள் ஆபீஸ் பழக்கம். அந்த ஜனவரியில் இரண்டு உறைகள் வந்தன. மூன்றாவது சட்டத்தைக் கடையில் வாங்கித் துடைத்து வைத்துக் காத்திருந்தேன். பிப்ரவரி போனது. ஒருநாள் தைரியம் வரவழைத்துக்கொண்டு, "சார், ஒங்க சர்டிபிகேட்டு..." என்று தொடங்கினேன்.

"கே.எல். ஆபீஸ்ல மாட்டிக்கிட்டு இருக்கு. வரும்" என்றார்.

அவர் கோர்ட்டில் நின்று பேசி நான் பார்த்ததில்லை. ஆபீஸிலேயே கட்சிக்காரர்களைப் பார்ப்பார், கடிதம் எழுதுவார். வழக்கு நாள் வந்தால் மிஸ் போவார், இல்லையென்றால் பெரியவர். கேட்டால் தொண்டை சரியில்லை, காய்ச்சல், கே.எல்.லில் வேலை. எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் அது என் வேலை இல்லை என்று ஃபைல் அறைக்குள் போய்விடுவேன்.

மே மாதம் எங்கள் தோட்டத்துக்குச் சம்மன் வந்தது.

தோட்டம் கைமாறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வாங்கினவர்கள் வீடு கட்டி விற்கும் வீடமைப்புக்காரர்கள். பதினோரு குடும்பங்கள் லயத்தைக் காலி செய்யாமல் இருந்தோம். அதில் என் வீடும் ஒன்று. இத்தனை வருஷம் உழைத்ததற்கு மாற்று வீடு கொடுத்தால் போகிறோம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். சம்மனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கோயில் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். அவரும் மரம் சீவியவர்தான். எழுபதை நெருங்கியவர்.

"தம்பி, ஒங்க ஆபீஸ்ல நல்ல லாயரு யாரு? சும்மா சொல்லாத, உள்ளத சொல்லு."

நான் சம்மனைப் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவருக்கு அப்போது நெஞ்சுவலி. வாரத்தில் மூன்று நாள்தான் வருவார். மிஸ்ஸின் மேசை நிரம்பி வழிந்தது. அதனால் பெரியவர் இந்த ஃபைலை மூன்றாமவரிடம் கொடுத்துவிட்டார். "எல்லாம் தயார் பண்ணுங்க, கோர்ட்டுக்கு மிஸ் போவாங்க" என்றார். நான் தலைவரிடம் அதைச் சொன்னேன். மறுநாள் அவர் இன்னும் நான்கு பேரோடு ஆபீஸுக்கு வந்தார். வந்ததும் சுவரின் முன்னால் நின்றார்கள். தலைவர் விரலை அட்டையின் கீழ் வைத்து, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். லண்டன். நான்கு வருஷம். கோலாலம்பூர்.

"ஏய், இது நம்ம பய எழுத்துடா!" என்றார். "கோயில் நோட்டீஸு எழுதுற அதே கை. அப்பறம் என்னா? உள்ள போங்க."

மூன்றாமவர் அவர்களை நன்றாகவே நடத்தினார். இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மற்ற இருவரும் தோட்டத்துக்கு வந்ததில்லை. இவர் இரண்டு தரம் வந்தார். சட்டைக்கையை மடித்துவிட்டு, கோயில் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு வீடாக யார் எத்தனை வருஷம் வேலை செய்தார்கள் என்று கேட்டு எழுதினார். என் மனைவி பால் போடாத தே ஓ கொண்டுவந்து கொடுத்தாள்.

"சார், எங்க வீட்டுக்காரரும் ஒங்க ஆபீஸ்தான். அங்கயாச்சும் பேசுவாரா?"

"பேசுவாரே."

"பொய் சொல்றீங்க. லாயருக்கு இது அழகில்ல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவர் முகம் ஒரு நொடி வெளுத்துப்போய்ப் பிறகு அவரும் சிரித்தார். அந்த ஒரு நொடியை நான் பார்த்தேன்.

பதில் தாள்களை அவர் தயார் செய்தார். நான் வழக்கம்போல மோட்டார் பையை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன். "இத நானே கொண்டுபோய்க் கொடுக்குறேன். அங்க ஒருத்தர பாக்க வேண்டியிருக்கு" என்றார். அவர் கொண்டுபோனதாகத்தான் நினைத்தேன்.

ஜூனில் தலைவருக்கு ஒரு கடிதம் வந்தது. மலாயில் இருந்ததால் அப்படியே ஆபீஸுக்குக் கொண்டுவந்து மூன்றாமவரிடம் கொடுத்தார். என் கண்முன்னால்தான். அவர் பிரித்துப் படித்துவிட்டு, "சும்மா மிரட்டுறாங்க. நான் பாத்துக்குறேன்" என்று மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். தலைவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை மிஸ் வேறு ஒரு ஃபைலைக் கேட்டார். அது மூன்றாமவர் அறையில் இருந்தது. அவர் வரவில்லை. இழுப்பறையில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. மிஸ் கேட்ட ஃபைலுக்கு அடியில் எங்கள் தோட்டத்து ஃபைல்.

நின்றுகொண்டே புரட்டினேன். சம்மன். அதில் சாப் இருந்தது, அது எதிர்த்தரப்பு கொடுத்த தாள். நம் பதில். சாப் இல்லை. அடுத்தது. சாப் இல்லை. மூன்று பிரதிகளும் அப்படியே, கிளிப்பின் தடம்கூட இல்லாமல் புதிதாக இருந்தன. கடைசியில் தலைவர் கொண்டுவந்த அந்தக் கடிதம். அதில் ஊதா நிறத்தில் அழுத்தமாகச் சாப். நான் மலாய் நன்றாகவே படிப்பேன். பிரதிவாதிகள் யாரும் பதில் தராததால் வீடுகளை ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பு. பதினோரு பெயர்கள். ஐந்தாவது என் பெயர்.

மிஸ் அறை நான்கு அடி தள்ளி இருந்தது. கதவு திறந்திருந்தது. அவர் பேனாவால் எதையோ அடித்து எழுதிக்கொண்டிருந்தார். நான் அவர் கேட்ட ஃபைலை மட்டும் கொண்டுபோய் வைத்தேன்.

"வேற என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல மிஸ்."

மத்தியானம் மூன்றாமவர் வந்தார். இழுப்பறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், தோட்டத்து ஃபைல்ல சாப்பு..." என்று ஆரம்பித்தேன். "வா, சாப்புட்டு வரலாம்" என்று காரில் ஏற்றிக்கொண்டார். நேராக உம்பாய் போனோம். கடலோரத்து மீன் கடைகளில் அந்த நேரத்துக்கு யாரும் இல்லை. கடல் உள்வாங்கிச் சேறு கறுப்பாகக் கிடந்தது. சுட்ட மீன் வந்தது. முள்ளை எடுத்து எடுத்து என் தட்டில் வைத்தார்.

"நான் லண்டன் போனது உண்மை. நாலு வருஷம் நடந்தேன்னு சொன்னேன்ல, அதுவும் உண்மை" என்றார். "கடைசிப் பரீட்சை மூணு தரம். மூணாவது தரம் உள்ளயே போகல. வெளியில நின்னு மத்தவங்க போறத பாத்துட்டு வந்துட்டேன்."

கே.எல்.லில் அவர் ஏழு வருஷம் இருந்தது குமாஸ்தாவாக. 

"அப்பா செத்துட்டாரு, நான் பாஸாயிட்டேன்னு நெனச்சுக்கிட்டே. நீ அட்டையில எழுதினியே, அத படிச்சப்ப எனக்கே நம்பிக்கை வந்துருச்சு, தெரியுமா. ஒரு வாரம் கொடு. நானே பெரியவர்கிட்ட சொல்லிடுறேன். எல்லாத்தயும் சரி பண்ணிடலாம்."

நான் தலையாட்டினேன். மீனையும் சாப்பிட்டேன். என்ன ருசி என்று இப்போதும் நினைவிருக்கிறது, அதுதான் கேவலம்.

ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். அவர் மேல் இரக்கம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி அந்த அட்டை. அவர் பொய் என்றால் என் எழுத்தும் பொய். தலைவர் விரல் வைத்துப் படித்ததும், "நம்ம பய" என்றதும் காதிலேயே இருந்தது. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ஒவ்வொரு நாளும் அவர் பெரியவர் அறைக்குள் போவார். நான் ஃபைல் அறையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். அவர் வேறு ஏதோ பேசிவிட்டு வெளியே வருவார். வீட்டில் மனைவி கூரைத் தகரத்தின் ஓட்டைக்குத் தார் வாங்கி வரச் சொன்னாள். வாங்கிக் கொடுத்தேன். ஏணியில் ஏறி அடைக்கவும் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வீடுகளை உடைக்கும் நாள் குறித்திருந்தது. மனைவி அதைக் கிழித்து என் கையில் திணித்தாள்.

"கேஸு நடக்குதுன்னீங்க. எப்பிடி ஒடைப்பான்? நாளைக்கு மொதல் வேலையா பெரியவரைக் கேளுங்க. ஒங்களால முடியலன்னா நான் லீவு போட்டுட்டு வர்றேன்."

திங்கட்கிழமை மூன்றாமவர் வரவில்லை. மேசை துடைத்ததுபோல இருந்தது. அவர் இனி வரமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. நான் நோட்டீஸையும் ஃபைலையும் எடுத்துக்கொண்டு பெரியவர் அறைக்குப் போனேன். மிஸ்ஸும் அங்கே இருந்தார்.  ஃபைலைத் திறந்து, சாப் இல்லாத தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினேன். பிறகு உம்பாயில் கேட்டதைச் சொன்னேன்.

பெரியவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "நான் பேப்பர கேட்டிருக்கணும்" என்றார். "பழைய கூட்டாளி அனுப்புன ஆளுன்னு விட்டுட்டேன்." மிஸ் தீர்ப்புக் கிடைத்த தேதியைப் பார்த்து, சுவர் நாள்காட்டியில் பென்சிலால் எண்ண ஆரம்பித்தார். தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லிக் கேட்க முப்பது நாள் உண்டு. பென்சில் போன வாரம் வியாழக்கிழமையில் நின்றது. கெடு அன்றோடு முடிந்திருந்தது.

"ஒனக்கு இது எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்று என்று சொன்னால் யாருக்குத் தெரியும்.

"போன திங்கக்கிழமை, மிஸ்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "என் ரூமுக்கு ஃபைல் கொண்டுவந்தியே, அன்னிக்கா?"

"ஆமா."

"வேற என்னன்னு கேட்டேனே" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

இருவரும் அன்றே கோர்ட்டுக்கு ஓடினார்கள். நாள் கடந்தபிறகும் கேட்கலாம், கேட்டார்கள். பெரியவர் நடந்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தார். தீர்ப்பு மாறவில்லை. பள்ளி ஆண்டு முடியும்வரை வீடுகளை உடைக்கக்கூடாது என்று மட்டும் கிடைத்தது. மாற்று வீடு பற்றிக் கேட்க இனி இடமில்லை என்றார் மிஸ். பெரியவர் மூன்றாமவர் மேல் புகார் கொடுத்தார். அவரை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

தோட்டத்தில் எல்லாருக்கும் நானே சொன்னேன். கோயில் முன்னால், பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டு சொன்னேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு பேர் முன்னால் பேசியது அன்று ஒருநாள்தான். ஒரு வாரம் தெரிந்தும் சும்மா இருந்ததையும் சொன்னேன். யாரோ ஒருத்தி மண்ணை வாரி வீசினாள். தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒன் எழுத்த பாத்துத்தானேப்பா உள்ள போனேன்" என்றார். கோபமாகக்கூட இல்லை. ஏதோ கணக்கு ஒத்துவராதவர்போலச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அட்டையைப் பெரியவர் கழற்றச் சொன்னார். இரண்டு பேரை மட்டும் வைத்துப் புதிதாக எழுதிக் கொடுக்கச் சொன்னார். நான் எழுதவில்லை. "கை நடுங்குது சார்" என்றேன். நடுங்கவில்லை. அடுத்த வருஷம் ஒரு இளம் பெண் வழக்கறிஞர் புதிதாக வந்தபோது, பெரியவர் அவரை என் ஃபைல் அறைக்கே கூட்டிவந்து, "இவர்கிட்ட ஒங்க பேப்பர காட்டுங்க" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நீட்டினாள். நான் எழுந்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முத்திரையைத் தடவிப் பார்த்தேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அதற்கு முன்பே, வழக்கு நடந்த அந்த வருஷ டிசம்பரில், லயத்தை உடைத்தார்கள். நாங்கள் புக்கிட் ரம்பாயில் என் மனைவியின் ஃபேக்டரிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். லோரியில் சாமான் ஏற்றும்போது நான் தார் பூசிய தகரம் கீழே கிடந்தது. அந்த இடம் மட்டும் கறுப்பாக, ஒழுகாமல் இருந்தது.

அதற்குப் பிறகு என் மனைவி என்னோடு சண்டை போட்டதில்லை. சமைக்கிறாள், துவைக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரர்களோடு சிரித்துப் பேசுகிறாள். சாயங்காலம் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால், முன்புபோல ஏதாவது சொல்லமாட்டாளா என்று காத்திருப்பேன். அவள் என் முன்னால் கோப்பியை வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் உள்ளே போய்விடுவாள்.